வருடக்கணக்கில் நின்றுபோன டூ-ஸ்ட்ரோக் பைக்: அறிகுறியை வைத்துப் பழுது பிடிப்பது

முதல் வேலை, கிக்கரை மிதிக்காமல் இருப்பது. தார்ப்பாயை உருவியதும் எல்லோருக்கும் கால் துறுதுறுக்கும். ஆனால் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் அள்ளித் தெளிக்க ஆயில் தேங்கியிருப்பதில்லை. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில்தான் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் எல்லாம். பத்து வருடம் நின்ற வண்டியில் அந்தப் படலம் காய்ந்துபோயிருக்கும். மிதித்தால் ரிங் துருவின் மேல் உரசும்.

பிளக்கைக் கழற்றி, ஓட்டை வழியாக 5 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு இரவு வையுங்கள். அதற்குள் ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சர் வாயையும் பாருங்கள். தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான நம் டர்பனின் ஈரத்தில் குளவி மண்கூடு, கரப்பான், பல்லி முட்டை எதுவும் இருக்கலாம். நுரை ஃபில்டர் தொட்டதும் உதிர்ந்தால் உடனே எடுத்துவிடுங்கள். அந்தப் பொடியை எஞ்சின் உறிஞ்சினால் பிறகு சிலிண்டரைத்தான் கழற்றவேண்டும்.

இங்கே வரும் அளவுகள் 1970-களின் காற்றுக்குளிர் ஜப்பான் வண்டிகளுக்குப் பொதுவானவை. உங்கள் மாடலின் மேனுவல் வேறு எண் சொன்னால் அதுவே சரி. காவடிக்கு ஓட்டிவிடலாம் என்று நாள் குறித்துக்கொண்டு இறங்கவேண்டாம். அவசரப்பட்டவர்களின் பிஸ்டன்கள்தான் லேத் பட்டறைக்கு வருகின்றன.

கிக்கர் அசையவே இல்லை

முதலில் கியரைப் பாருங்கள், நியூட்ரலில் இருக்கிறதா? அடுத்து கிக்கர் தண்டே துருப்பிடித்து இறுகியிருக்கிறதா? டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் தெரிந்துவிடும். சக்கரத்தோடு எஞ்சின் சுற்றினால் கோளாறு கிக்கரில். சுற்றவில்லை என்றால் பிஸ்டனிலோ கிராங்கிலோ.

பிஸ்டன் பிடித்திருந்தால் சைலன்சரைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் போர்ட்டை மூடியிருந்தால் ஊற்றும் திரவம் மேலே நிற்கும். கீழே இறங்கி நின்றிருந்தால் ஊற்றியதெல்லாம் போர்ட் வழியாக ஓடிவிடும், அப்போது ஹெட்டைக் கழற்றி ரிங் விளிம்பைச் சுற்றித் துணியை நனைத்து வைக்கவேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றி, மூன்று முதல் ஏழு நாள் விடுங்கள். தினமும் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு இரண்டு பக்கமும் லேசாக ஆட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் பாதி வெற்றி.

கிக்கரில் ஏறி நின்று குதிப்பது இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய மிக விலை உயர்ந்த தவறு. கிக்கர் பல்சக்கரம் உடைந்தால் கிளட்ச் பக்கம் முழுவதையும் பிரிக்கவேண்டும். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதும் கூடாது. மரக்கட்டை வைத்து அடித்தாலும் அந்த அடி நேராகக் கனெக்டிங் ராடுக்குப் போகிறது.

ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரையும் உருவி எடுத்தபிறகும் கிராங்க் சுற்றவில்லையா? பேரிங்கில் துரு. கருவிகளை வைத்துவிட்டுப் பட்டறைக்கு எடுத்துப்போங்கள். கிராங்கைப் பிரஸ்ஸில் பிரித்து, நேராக்கி, சுற்றும்போது வரும் கோணலை 0.03 மி.மீ.க்குள் கொண்டுவரும் வேலை கராஜில் நடக்காது.

கிக்கர் வெண்ணெயில் கத்தி போல இறங்குகிறது

எதிர்ப்பே இல்லை என்றால் கம்ப்ரஷன் இல்லை. பிளக் இறுக்கமாக இருக்கிறதா, ஹெட் நட்டுகள் தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டைக்குள் இன்னும் 5 மில்லி ஆயில் விட்டு மிதியுங்கள். எதிர்ப்பு கூடினால் ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது தேய்ந்திருக்கிறது.

கேஜ் வைத்து அளக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து, ஊசி ஏறுவது நிற்கும்வரை மிதிக்கவேண்டும். டர்பனில் 110-க்கு மேல் பிஎஸ்ஐ வந்தால் நிம்மதி, 90-க்குக் கீழ் வந்தால் ஸ்டார்ட் ஆக மறுக்கும். இரட்டைச் சிலிண்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். டர்பனில் 120 காட்டும் அதே எஞ்சின் அங்கே 100-ஐ ஒட்டித்தான் காட்டும். அந்த எண்ணைச் சொல்லி விற்பவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒட்டிய ரிங்கைச் சூடான சோப்புநீரும் பொறுமையும் விடுவிக்கும். சிலிண்டரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு இருந்தால் போர் போடவேண்டும், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கவேண்டும்: 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று அடுத்த ஓவர்சைஸ். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையே கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். துளையைப் பிஸ்டனுக்குப் பொருத்துவதுதான் முறை. இடைவெளி பெரும்பாலும் 0.04-இலிருந்து 0.05 மி.மீ. போர் போட்டபின் போர்ட் விளிம்புகளைச் சாய்வாக உரசித் தரச் சொல்ல மறந்தால் புது ரிங் முதல் நாளிலேயே அங்கே மாட்டும்.

மிதித்தால் சுற்றுகிறது, கரண்ட் வரவில்லை

பிளக்கை ஹெட்டின் உலோகத்தில் அழுத்தி வைத்து, நிழலில் மிதித்துப் பாருங்கள். நீலமும் வெண்மையுமாக, 'டிக்' என்று கேட்கும்படி ஸ்பார்க் வரவேண்டும். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்; உள்ளிருந்து பெட்ரோல் ஆவி பீறும். சிடிஐ (பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி) வண்டியாக இருந்தால் பிளக்கைப் பூமியில் தொடவைக்காமல் மிதிக்கவே கூடாது, பெட்டி கருகிவிடலாம்.

ஸ்பார்க் இல்லையென்றால் இந்த வரிசையில்:

புது பிளக் போடுங்கள். யமஹா ஆர்டி 350-க்கு என்ஜிகே பி8எச்எஸ், இடைவெளி 0.6 மி.மீ. அளவில். பழையதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டு அரைநாள் வீணாக்க வேண்டாம்.

பிளக் கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியில் 5 மி.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். கடற்காற்று செம்பைப் பச்சையாக்கி வைத்திருக்கும். ரெசிஸ்டர் கேப் என்றால் மீட்டரில் 5,000 ஓம் அளவில் வரவேண்டும்.

எஞ்சின் நிறுத்தும் சுவிட்சின் வயரையும் சாவியின் வயரையும் கழற்றிவிட்டு மீண்டும் பாருங்கள். மேக்னட்டோ (ஃப்ளைவீல் காந்தத்திலிருந்து கரண்ட் எடுக்கும்) வண்டிகளில் இந்த வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டாலே ஸ்பார்க் செத்துவிடும். காயில் மாற்றியவர்கள், சிடிஐ மாற்றியவர்கள் பலர், கடைசியில் குற்றவாளி இந்த ஒற்றை வயர்.

பிளாட்டினம் பாயின்ட், அதாவது திறந்து மூடி ஸ்பார்க்கை உண்டாக்கும் தொடுமுனைகள். உப்புக் காற்றில் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத படலம் பிடிக்கும். 600-ம் நம்பர் உப்புக்காகிதத்தை இரண்டு முறை இழுத்து, பிறகு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவே வைத்து இழுங்கள். தாள் கறையில்லாமல் வரும்வரை. இடைவெளி 0.3-இலிருந்து 0.4 மி.மீ. பாயின்ட்டின் கேமைத் தொடும் ஃபெல்ட் துண்டில் ஒரு சொட்டு ஆயில், அதற்கு மேல் வேண்டாம்.

பாயின்ட் திறக்கும்போது அங்கே பெரிய நீலப்பொறி தெறித்தால், அல்லது முகத்தில் குழியும் மேடும் இருந்தால், கண்டென்சர் போய்விட்டது. விலை குறைவு, சோதிப்பதைவிட மாற்றுவது மேல். அதன்பிறகுதான் காயில்: செகண்டரியில் ஆயிரக்கணக்கான ஓம் காட்டவேண்டும், மீட்டர் எல்லையில்லாமல் நின்றால் உள்ளே அறுந்திருக்கிறது.

ஒரு பிரிவை மனதில் வையுங்கள். டிரெயில் வண்டிகளில் பெரும்பாலும் மேக்னட்டோ, பேட்டரி செத்திருந்தாலும் ஓடும். ஆர்டி 350 பேட்டரியை நம்பும் வண்டி. 12 வோல்ட் பேட்டரி சரியாக இல்லையென்றால் மற்ற எதைச் சோதித்தும் பலனில்லை. நல்ல பேட்டரி போட்டுவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

ஃப்ளைவீலைக் கழற்றும் நிலை வந்தால் அந்த மாடலுக்கான திருகு புல்லரை வாங்குங்கள். மூன்று கால் புல்லரோ சுத்தியலோ காந்த ஆணிகளைத் தளர்த்தும், கிராங்கை வளைக்கும். புல்லர் கிடைக்கவில்லை என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக்கிடம் போவதில் வெட்கமில்லை.

ஸ்பார்க் இருக்கிறது, ஆனால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் டைமிங் முந்திவிட்டது, அல்லது ஃப்ளைவீல் சாவித்துண்டு அறுந்திருக்கிறது. ஆர்டி 350-இல் பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கவேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே. பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து அமையுங்கள். கண் மதிப்பில் வேண்டாம்.

கரண்ட் இருக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

பத்து மிதிக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அடுத்து எந்தப் பக்கம் போவது என்பதை அது சொல்லும்.

*பிளக் காய்ந்திருந்தால்.* ஓட்டைக்குள் ஒரு சின்னக் கரண்டி பெட்ரோல் கலவை விட்டு மிதியுங்கள். இரண்டு நொடி உறுமி அணைந்தால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில். டேங்க் மூடியின் காற்றோட்டை அடைபட்டிருக்கலாம். மூடியைத் திறந்துவிட்டுச் சோதியுங்கள். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டால் ஒரு நிமிடத்தில் ஒரு டம்ளராவது சேரவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பெட்ரோல் காக்கின் வலையில் துரு.

டேங்கில் துரு இருந்தால் வெள்ளை வினிகரை விளிம்புவரை ஊற்றி ஒன்று அல்லது இரண்டு நாள் வைக்கலாம். பிறகு சோடா மாவு கரைத்த நீரால் கழுவி, உடனே மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுக் குலுக்கி, பெட்ரோல் கலவையால் நனைக்கவேண்டும். இடையில் டீ குடிக்கப் போகாதீர்கள்: நம் ஊர் ஈரத்தில் கழுவிய இரும்பு அரைமணியில் மறுபடி சிவந்துவிடும். உள்பூச்சு ரசாயனம் ஓட்டை விழுந்த டேங்குக்கான கடைசி வழி. நல்ல டேங்கில் பூசினால் ஒருநாள் அது தோலாக உரிந்து காக்கில் அடைக்கும்.

இதெல்லாம் சரி, கார்புரேட்டர் வரை பெட்ரோல் வருகிறது, உள்ளே போகவில்லை என்றால் பைலட் ஜெட், ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளைத்திருகு. அதன் ஓட்டை தலைமுடியைவிடச் சற்றுப் பெரியது. ஆவியாகிப்போன பழைய பெட்ரோல் விட்ட பிசின் அங்கேதான் முதலில் உறையும். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் ஒத்துவராது. வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையும், கார்ப் கிளீனரும், அழுத்தக் காற்றும் போதும். சோக்குக்கான நுண்வழி ஃப்ளோட் கிண்ணத்தின் ஓரத்தில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற எல்லாம் கழுவியவர்கள்தான் ‘எல்லாம் செய்தேன், குளிரில் பிடிக்கவில்லை’ என்பார்கள். மாட்டும்போது காற்றுத் திருகை இறுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்று திறங்கள்.

*பிளக் நனைந்திருந்தால்.* காக்கை மூடுங்கள். பிளக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து இருபது முறை மிதியுங்கள். பெட்ரோல் தெறித்தபடி இருந்தால் கிராங்க் கேஸ் நிரம்பியிருக்கிறது. காரணம் ஃப்ளோட் ஊசியில் தூசி, ஓட்டை விழுந்த ஃப்ளோட், சரியாக மூடாத பெட்ரோல் காக். இப்படி நிரம்பிய வண்டியில் கியர் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் கிளட்ச் பக்க சீல் கசிகிறது. ஆயிலை மாற்றிவிட்டு, கீழே ‘வெண்புகை’ பகுதிக்கு வாருங்கள்.

பிடிக்கிறது, சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது

பைலட் ஜெட் இன்னும் பாதி அடைபட்டிருக்கிறது, அல்லது எங்கோ காற்று புகுகிறது. முதலாவது இலவசம், கார்புரேட்டரை மறுபடி ஒருமுறை கழற்றுங்கள். இரண்டாவது முறையும் பிசின் வரும், நம்புங்கள். இரண்டாவதற்கு அடுத்த பகுதி.

ஆக்சிலரேட்டரை விட்டும் ஆர்பிஎம் இறங்கவில்லை, தானாக ஏறுகிறது

பிடிக்காத வண்டியால் யாருக்கும் நஷ்டமில்லை. இப்படிப் பிடித்து ஆர்ப்பரிக்கும் வண்டிதான் பிஸ்டனில் ஓட்டை போடும். கேட்க இனிமையாக இருக்கும், ‘அடடா, எவ்வளவு சுறுசுறுப்பு’ என்று தோன்றும். அது மெலிந்த கலவையின் சத்தம். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறைகிறது.

கை மீறிப் போனால்: கில் சுவிட்ச் வேலை செய்யாமல் போகலாம், ஏனென்றால் உள்ளே சூட்டில் தானே பற்றிக்கொள்ளும். பின்பிரேக்கை மிதித்தபடி டாப் கியரில் போட்டுக் கிளட்சை விட்டுவிடுங்கள், எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். சோக்கை முழுக்க இழுப்பதும் உதவும்.

பிறகு தேடுதல். கேபிள் சிக்கியிருக்கிறதா, ஸ்லைடு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா? அடுத்து, கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர். அதை மடக்கிப் பாருங்கள், வெளியே பளபளப்பாக இருந்தாலும் மடிப்பில் வெடிப்பு தெரியும். ஐடிலில் ஓடவிட்டு சோப்புத் தண்ணீரை அந்த இணைப்பில் தெளியுங்கள்; ஓட்டம் மாறினால் கசிவு அங்கே. சூடான சைலன்சர் பக்கம் கார்ப் கிளீனர் தெளிக்கும் பழக்கம் வேண்டாம்.

ரப்பர் நன்றாக இருந்தால் கிராங்க் சீல். ஃப்ளைவீல் பக்கம் உலர்ந்த பக்கம்; அங்கே சீல் போனால் காற்று நுழையும், ஆர்பிஎம் ஏறும். வருடக்கணக்கில் நின்ற ரப்பர் வாய் கல்லாகிவிடும், முதல் நூறு கிலோமீட்டருக்குத் தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகு கைவிடும். ஆகவே ‘நேற்று நன்றாக ஓடியது’ என்பது சீலுக்குச் சான்றல்ல.

உறுதிசெய்ய அழுத்தச் சோதனை இருக்கிறது. எக்ஸாஸ்ட்டையும் இன்லெட்டையும் ரப்பர் அடைப்பால் மூடி, பிளக் ஓட்டை வழியாகக் கைபம்பால் 6 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கக்கூடாது. இறங்கினால் சோப்பு நுரை தடவி, குமிழி எங்கே என்று பாருங்கள்: பேஸ் கேஸ்கெட், ஹெட், சீல். 6-க்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல சீலே பிதுங்கி வெளியே வரும்.

பல ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் ஃப்ளைவீல் பக்க சீலை வெளியிலிருந்தே மாற்றலாம். கேஸைப் பிரித்துத்தான் மாற்றவேண்டும் என்றால், அல்லது இரட்டைச் சிலிண்டரின் நடு சீல் என்று சந்தேகம் வந்தால், அது கிராங்க் தெரிந்தவரின் வேலை. அங்கே சேமிக்கும் ரேண்டை இரண்டு மடங்காகப் பட்டறையில் கொடுப்பீர்கள்.

வெண்புகை நிற்கவே இல்லை

முதல் பத்து நிமிடப் புகை சைலன்சரில் தேங்கிய பழைய ஆயிலும் ஈரமும். அதைப் பொருட்படுத்தாதீர்கள், பக்கத்து வீட்டுத் துணி காய்வதை மட்டும் பாருங்கள். அரைமணி ஓட்டத்துக்குப் பிறகும் அடர்த்தியாகப் புகைந்தால் கியர் ஆயில் அளவைக் குறித்துவைத்து நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் கிளட்ச் பக்க சீல் வழியாக எஞ்சின் கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. குறையவில்லை என்றால் ஆயில் பம்ப் கேபிள் அதிகமாக இழுத்திருக்கிறது. பம்பிலுள்ள குறியை மேனுவல்படி ஒத்துவையுங்கள்.

புகையே இல்லை

இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆயில் பம்ப் குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் ஆயில் போகாது, எஞ்சினும் அதைச் சொல்லாது. பம்பின் திருகைத் திறந்து குமிழி நிற்கும்வரை வழியவிடுங்கள். கண்ணாடிபோல இறுகிய பழைய குழாய்களை மாற்றிவிடுங்கள். பம்பை நம்பும்வரை, முதல் டேங்க் முழுக்க பெட்ரோலிலேயே ஆயில் கலந்து விடுங்கள்: லிட்டருக்கு 25 மில்லி, 5 லிட்டருக்கு 125 மில்லி. டர்பனில் ஸ்கீ-போட் (மீன்பிடிக்கும் மோட்டார் படகு) வைத்திருக்கும் நண்பர் யாராவது அவுட்போர்டு என்னும் படகு எஞ்சினின் ஆயிலை நீட்டுவார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்காகச் செய்தது அது. காற்றுக்குளிர் சிலிண்டரின் சூட்டுக்குத் தாங்காது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்கவேண்டும்.

பாதி ஆக்சிலரேட்டர் வரை சரி, அதற்கு மேல் இழுவை இல்லை

சைலன்சரின் உட்குழலைக் கழற்றுங்கள். கரி அடைத்திருந்தால் புளோலேம்பால் சுட்டு, தட்டி உதிர்க்கலாம். எக்ஸாஸ்ட் போர்ட்டில் ஒட்டிய கரியை மரக்குச்சியால் சுரண்டுங்கள், பிஸ்டன் போர்ட்டை மூடிய நிலையில். ரீட் வால்வ் (உள்ளே வரும் கலவை திரும்பாமல் தடுக்கும் இதழ் வால்வ்) உள்ள வண்டியில் இதழ்களை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நுனி உடைந்த இரும்பு இதழ் என்றால் உடைந்த துண்டு எங்கே போனது என்று தெரியும்வரை எஞ்சினை ஓட்டாதீர்கள்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த வண்டி, டர்பனில் சூடாகிறது, மேட்டில் இறுகுகிறது

பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி என் 3 நெடுஞ்சாலை வழியாக இறக்கிய வண்டிகளுக்கு உரிய கோளாறு இது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் மெல்லிய காற்றுக்கு யாரோ மெயின் ஜெட்டை (முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் விடும் துளைத்திருகை)ச் சிறிதாக்கியிருப்பார்கள். கடற்கரைக் காற்று அடர்த்தி. அதே ஜெட்டுடன் இங்கே கலவை மெலிகிறது. டர்பனிலிருந்து பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது முழு ஆக்சிலரேட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

முதல் நீண்ட ஓட்டத்துக்கு முன்பே ஜெட்டைக் கழற்றி எண்ணைப் படியுங்கள். மேனுவல் எண்ணோ, அதைவிட ஒரு அளவு பெரியதோ போடுங்கள். பிறகு முழு ஆக்சிலரேட்டரில் சில நூறு மீட்டர் ஓட்டி, கிளட்சை இழுத்து அதே நொடியில் எஞ்சினை அணைத்து, பிளக்கைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. வெள்ளை என்றால் ஜெட் இன்னும் பெரிதாகவேண்டும். ஈரக் கறுப்பு என்றால் ஒரு அளவு குறையுங்கள். உள்நாட்டில் 93 பெட்ரோலில் ஓடிய வண்டிக்கு இங்கே 95 போடுங்கள், காற்றழுத்தம் கூடியதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் கூடுகிறது.

ஓட்டும்போது இரண்டு விரல் எப்போதும் கிளட்சில் இருக்கட்டும். எஞ்சின் குரல் மாறி வண்டி தளர்ந்தால் கிளட்சை இழுத்துவிட்டு ஓரம்கட்டி, இருபது நிமிடம் ஆறவிட்டுத்தான் அடுத்த மிதி.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் பிடிக்கிறது

நின்ற உடனே பிளக்கைச் சோதியுங்கள். ஸ்பார்க் இல்லை என்றால் கண்டென்சர், பிறகு காயில். இரண்டும் சூட்டில்தான் தோற்கும். ஸ்பார்க் இருந்தால் டேங்க் மூடியைத் திறந்து ‘உஸ்’ என்று காற்று போகிறதா கேளுங்கள்.

சத்தம்

மேலே சில்லென்ற கிணுகிணுப்பு, சூடானதும் குறைந்தால், தேய்ந்த பிஸ்டன், கொஞ்சநாள் ஓடும். சூடானபின்னும் மாறாத கிணுகிணுப்பு பிஸ்டன் பின்னின் பேரிங். அடியிலிருந்து தொம்தொம் என்று தட்டினால் பிளக் ஓட்டை வழியாகப் பிஸ்டனை ஒரு குச்சியால் அழுத்தி, ஃப்ளைவீலை லேசாக இருபுறமும் ஆட்டுங்கள். பிஸ்டன் அசைவதற்கு முன் ‘டக்’ என்று வெற்று ஆட்டம் உணர்ந்தால் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் பேரிங்) போய்விட்டது. எஞ்சினை அன்றே நிறுத்துங்கள். ராட் உடைந்தால் கேஸும் சேர்ந்து போகும், கேஸ் கிடைக்காத மாடல்கள் இப்போது நிறைய.